சென்னைக்கு வந்து தத்ரூப ஓவியம் கற்க நினைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பார்ப்பதைப் பார்த்தபடியே வரையக் கற்றுக்கொள்ள வெளியூரிலிருந்து சென்னைக்கு வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். தென்காசி, தருமபுரி, பட்டுக்கோட்டை என்று எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். கேள்விகள் மட்டும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. நான் பெரியமேட்டில் இருக்கும் அரசு கவின் கலைக் கல்லூரியில் படித்தவன். இப்போது வாரக் கடைசியில் சிலருக்குச் சொல்லித் தருகிறேன். கல்லூரியில் சேரப் போகிறவர்களுக்கும், சில மாதம் தனியார் வகுப்பில் கற்க வருகிறவர்களுக்கும் பொதுவாகவே பதில் சொல்லியிருக்கிறேன்.

போனில் இருக்கும் போட்டோவைப் பார்த்து அச்சு அசலாக வரைகிறேன். பிறகு எதற்கு வகுப்பு?

அப்படி வரைகிறவர்களுக்குத்தான் வகுப்பு ரொம்பத் தேவை. போட்டோவை எடுத்த நொடியிலேயே பாதி வேலையை கேமரா முடித்துவிட்டது. திரண்டு நின்ற முகத்தைத் தட்டையாக்கியாயிற்று. எது நிழல், எது வெளிச்சம் என்று தீர்மானித்தாயிற்று. மிச்சத்தை நீங்கள் நகல் எடுக்கிறீர்கள். அதே கையோடு ஒரு பெரியவரை எதிரே உட்காரவைத்து வரையச் சொன்னால் தடுமாற்றம் தெரிந்துவிடும். அவர் மூச்சு விடுகிறார், தலை லேசாகச் சாய்கிறது. நீங்கள் ஸ்டூலில் ஒரு விரற்கடை நகர்ந்தாலே மூக்கின் விளிம்பு கன்னத்தில் வந்து சேரும் இடம் மாறிவிடுகிறது.

இன்னொன்று, போன் கேமரா நமக்குத் தெரியாமலே பொய் சொல்லும். அதன் லென்ஸ் அகலக் கோணம் கொண்டது. கை நீட்டும் தூரத்தில் எடுக்கும் செல்ஃபியில் மூக்கு பெருத்து, காதுகள் பின்னால் ஒதுங்கும். அதைப் பார்த்து வரைந்தால் அந்தப் பிழையும் படத்துக்கு வந்துவிடும். "போட்டோவில் அப்படித்தான் இருக்கிறது சார்" என்பார்கள். இருக்கட்டும், அந்த ஆளிடம் அப்படி இல்லையே. ஆளை நேரில் வரையும்போது ஆறேழு அடி தள்ளி உட்காருவது இதனால்தான். நிழலும் அப்படியே. போட்டோவில் நிழல் பெரும்பாலும் ஒரே கறுப்பாக அடைத்துக்கொள்ளும். நேரில் பார்த்தால் தாடைக்குக் கீழே இருக்கும் நிழலுக்குள் சட்டையிலிருந்து ஏறிவரும் மங்கலான வெளிச்சம் தெரியும்.

வகுப்பில் உண்மையாகவே கிடைப்பவை மூன்று: அசையாமல் வைத்த ஒரு பொருள், மாறாத ஒரு வெளிச்சம், உங்கள் பிழையை நீங்கள் பார்க்கும் முன்பே கண்டுபிடிக்கும் ஒரு ஜோடிக் கண். வீட்டில் இந்த மூன்றையும் சேர்த்து அமைப்பது கஷ்டம். செம்பை அப்படியே வைத்துவிட்டு மறுநாள் வந்தால், அதில் யாராவது தண்ணீர் மொண்டு குடித்திருப்பார்கள்.

கட்டம் போட்டு வரைவது தப்பா?

தப்பில்லை. ஒரு காலத்தில் மவுண்ட் ரோட்டில் ஓங்கி நின்ற சினிமா கட்அவுட்டுகள் எல்லாம், கையளவு ஸ்டில்லில் சின்னக் கட்டமும் பலகையில் பெரிய கட்டமும் போட்டுத் தூக்கியவைதான். பிளெக்ஸ் வந்து அந்தத் தொழிலையே துடைத்துப் போட்டுவிட்டது. ஆனால் அந்த பேனர் ஆர்ட்டிஸ்டுகள் கட்டத்தை மட்டும் நம்பவில்லை. சாரத்தின் மேல் மூக்கருகே நின்று அடித்த பிரஷ் தெருவிலிருந்து பார்க்கும்போது எப்படித் தெரியும் என்பது அவர்களுக்கு மனப்பாடம்.

கட்டம் என்பது சிறியதைப் பெரிதாக்கும் கருவி. ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 16ஆம் நூற்றாண்டிலேயே கட்டம் போட்ட ஒரு சட்டகத்தைக் காட்டியிருக்கிறார். அவர் காட்டியது அதன் வழியாக உயிருள்ள ஆளைப் பார்த்து வரைவதை. ஆர்டர் படத்துக்குக் கட்டம் போடுங்கள், யாரும் கேட்கப் போவதில்லை. வகுப்புக்குள் மட்டும் அதை எடுக்காதீர்கள். கட்டம் இருக்கும் வரை கண் அளக்கப் பழகாது.

யூடியூப் பார்த்தே கற்க முடியாதா?

ஓரளவு முடியும். பென்சில் பிடிப்பது, சீவுவது, பயிற்சிப் படங்களைப் பார்த்து வரைவது எல்லாம் அறைக்குள்ளேயே நடக்கும். 19ஆம் நூற்றாண்டுப் பிரான்சில் சார்ல் பார்க் என்பவர், ழான்-லியோன் ஜெரோம் என்ற ஓவியரோடு சேர்ந்து மாணவர்களுக்காகப் பயிற்சித் தாள்கள் வெளியிட்டார். பிளாஸ்டர் கை, கால், முகம் ஒவ்வொன்றும் முதலில் நேர்கோடுகளாகவும் பிறகு நிழலோடும் இருக்கும். வான்கோ அவற்றைப் பார்த்துப் பார்த்து வரைந்து பழகினார். இணையத்தில் இன்று இலவசமாகவே கிடைக்கின்றன. ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே அதில் சிலவற்றை வரைந்து கொண்டுவந்தால், வகுப்பில் உங்கள் முதல் மாதம் மிச்சமாகும்.

ரவிவர்மாவைச் சொல்லி, "அவர் யாரிடமும் படிக்கவில்லையே" என்று வாதாடுகிறவர்கள் உண்டு. திருவனந்தபுரம் அரண்மனைக்கு வந்த தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் அவருக்கு முறையாகச் சொல்லித்தர மறுத்தார், பக்கத்தில் நின்று பார்க்க மட்டும் விட்டார் என்பார்கள். அந்தப் பார்வையும் படிப்புதானே? ஒருவர் எண்ணெய் வண்ணத்தை எப்படிக் குழைக்கிறார், எந்த இடத்தில் பிரஷ்ஷை நிறுத்திவிட்டுப் பின்னால் போய் நின்று பார்க்கிறார் என்பதை எந்த வீடியோவும் முழுதாகக் காட்டாது. அந்த இடங்களைத்தான் வெட்டிவிடுகிறார்கள்.

சென்னையில் எங்கே படிக்கலாம்?

பட்டம் வேண்டும், நான்கு வருடம் ஒதுக்க முடியும் என்றால் அரசு கவின் கலைக் கல்லூரி. அலெக்சாண்டர் ஹண்டர் என்ற டாக்டர் 1850இல் தொடங்கியது. சென்ட்ரலிலிருந்து நடக்கும் தூரம். பிளஸ் டூ முடித்தவர்களுக்கு பி.எஃப்.ஏ. (கவின் கலை இளநிலைப் பட்டம்) படிப்பு, வரைந்து காட்டும் நுழைவுத் தேர்வு உண்டு. பெயிண்டிங் தவிர சிற்பம், அச்சுக்கலை, செராமிக், விஷுவல் கம்யூனிகேஷன் என்று துறைகள் இருக்கின்றன. கும்பகோணத்திலும் அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது. டெல்டா பக்கத்துப் பிள்ளைகள் சென்னைக்கு ஓடிவரும் முன் அதையும் யோசிக்கலாம், செலவு பாதியாகும்.

ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டு சேருங்கள். கல்லூரியில் தத்ரூபம் என்பது அடிப்படை, அதுவே முழுப் பாடம் இல்லை. முதலில் ஸ்டில் லைஃப் (அசையாப் பொருள்), ஹெட் ஸ்டடி (தலை), லைஃப் ஸ்டடி (ஆளை நேரில் பார்த்து முழு உருவம்), அவுட்டோர் (வெளியிடம்) எல்லாம் செய்யவைப்பார்கள். போகப்போக உங்கள் சொந்த மொழியைத் தேடச் சொல்வார்கள். 1929இல் முதல்வராக வந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி மெரினா உழைப்பாளர் சிலையைச் செய்தவர், தசையும் எலும்பும் பார்த்துப் படித்த கை. அவரிடம் படித்து, அவருக்குப் பின் முதல்வரான கே.சி.எஸ். பணிக்கர் தத்ரூபத்தை விட்டு வேறு திசையில் போனார். அவர் முன்னின்று 1966இல் உருவாக்கிய சோழமண்டலம் கலைக் கிராமத்துக்கு ஒரு நாள் போய்வந்தால் அந்தத் திசை புரியும். "நான் முகம் மட்டும்தான் வரைவேன்" என்று பிடிவாதமாகப் போனால் கடைசி இரண்டு வருடம் ஆசிரியர்களோடு சண்டையில் போய்விடும்.

தத்ரூபம் மட்டும் போதும், ஆறு மாதம்தான் நேரம் என்றால் தனியார் வகுப்பே சரி.

தனியார் வகுப்பு நல்லதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சுவரைப் பார்க்காதீர்கள். சுவரில் நல்ல படங்கள்தான் மாட்டியிருப்பார்கள். அறை நடுவில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பானை, துணி, பிளாஸ்டர் தலை, அவற்றின் மேல் விழும் ஒரே ஒரு விளக்கு, சுற்றிலும் டாங்கி (முன்னால் போர்டைச் சாய்த்து வைக்கும் பெஞ்சு) போட்டு உட்கார்ந்த மாணவர்கள் என்று இருந்தால் பணம் கட்டலாம். எல்லோரும் குனிந்து போனையே பார்த்து வரைந்துகொண்டிருந்தால், அதை நீங்கள் ஊரில் இருந்தபடியே செய்யலாம்.

அப்புறம், "பத்தே நாளில் போர்ட்ரெய்ட்" என்று போட்டிருக்கும் இடத்தைத் தாண்டிப் போய்விடுங்கள். பத்து நாளில் ஒரு படத்தை முடிக்கவைக்க முடியும். பாதியை ஆசிரியரே போட்டுத் தந்திருப்பார்.

வயது ஒரு தடையா?

இல்லை. பேங்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டு வருகிறவர்கள் பலர் இளைஞர்களைவிட நன்றாக அளக்கிறார்கள். அவசரம் இல்லாததால் இருக்கலாம்.

முதல் நாள் என்னென்ன வாங்கிக்கொண்டு வர வேண்டும்?

குறைவாக வாங்குங்கள். எச்.பி., 2 பி, 4 பி, 6 பி பென்சில் போதும். அப்சராவோ கேம்லினோ எதுவானாலும் சரி. 24 பென்சில் கொண்ட தகரப் பெட்டி அம்சமாக இருக்கும், அதில் முக்கால்வாசியைத் தொடவே மாட்டீர்கள். தாள் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். வழவழப்பான சார்ட் பேப்பரில் கரி ஒட்டாது. கொஞ்சம் சொரசொரப்பான கார்ட்ரிட்ஜ் ஷீட் வாங்குங்கள். கரிக்குச்சி ஒரு பாக்கெட், பிசைந்தால் களிமண் போல் வளையும் நீடட் எரேசர் ஒன்று, டிராயிங் போர்டு, கிளிப்.

ஷார்ப்னரைப் பையிலேயே விட்டுவிட்டு பிளேடால் சீவப் பழகுங்கள். ஈயம் ஒரு அங்குலத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அப்போதுதான் பென்சிலைப் படுக்கவைத்து அகலமாக டோன் (கறுப்பு வெளுப்பின் அளவு) போட முடியும். எழுதுவது போலப் பிடித்தால் மணிக்கட்டு மட்டும் அசைந்து, கோடு குட்டிக் குட்டியாக விழும். தோளிலிருந்து கை வர வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகையில் சேர்கிறவர்கள் பெரிய பிளாஸ்டிக் உறை ஒன்றும் வாங்கிவிடுங்கள். மழைக்காலத்தில் சென்னைக் காற்றுப் பட்டாலே தாள் நமத்துப்போகும்.

ஆரம்பத்தில் பானை, செம்பு என்றே வரையவைக்கிறார்கள். எப்போது முகம் வரையலாம்?

செம்பு சரியாக வந்த பிறகு. வேடிக்கைக்குச் சொல்லவில்லை. ஒரு பித்தளைச் செம்பில் முகத்துக்கு வேண்டிய எல்லாமே இருக்கிறது.

ஸ்டூலில் துணி விரித்து, கண் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே செம்பை வைத்திருப்பார்கள். இடது பக்கம் விளக்கு. முதலில் அகலம் உயரத்தில் எத்தனை முறை அடங்குகிறது என்று பார்க்கிறீர்கள். நடுவில் ஒரு செங்குத்துக் கோடு. வாய், கழுத்து, வயிறு, அடி எல்லாம் அந்தக் கோட்டுக்கு இருபுறமும் சமமாக விழ வேண்டும். இதுவரை எல்லோரும் சரியாகத்தான் வருவார்கள். வாயைப் போடும்போது அது நீள்வட்டம் என்று தெரிந்து போடுகிறார்கள், ஆனால் இரண்டு ஓரத்தையும் மீன் மாதிரி கூராக்கிவிடுகிறார்கள். நீள்வட்டத்துக்குக் கூரே கிடையாது, ஓரத்திலும் அது வளைந்துதான் திரும்பும். அடுத்து அடிப்பாகம். பத்தில் எட்டுப் பேர் அதை நேர்கோடாகப் போடுவார்கள். கேட்டால், "செம்பு சமமாகத்தானே சார் உட்கார்ந்திருக்கு" என்பார்கள். உட்கார்ந்திருப்பது மூளைக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரிவது வேறு. கண் மட்டத்திலிருந்து கீழே போகப் போக வட்டம் விரிந்துகொண்டே போகும். ஆகையால் அடியின் வளைவு வாயின் வளைவைவிட அதிகமாக இருக்க வேண்டும். இந்த ஒரு வளைவைக் கண்ணால் பார்த்துப் போட்ட நாளில்தான் ஒருவர் வரையத் தொடங்குகிறார் என்று எனக்குத் தோன்றும்.

பிறகு டோன். மண்பானையாக இருந்தால் வெளிச்சம் மெதுவாக நிழலுக்குள் கரையும். பித்தளை அப்படி இல்லை. ஜன்னல் அதில் வளைந்த சதுரமாகப் பளிச்சென்று நிற்கும், அதற்குப் பக்கத்திலேயே இருட்டு. வயிற்றின் கீழ்ப்பகுதியில் விரித்த துணியின் நிறம் ஏறியிருக்கும். அதைப் பார்த்ததும் ஆசை வந்து வெளுப்பாக விட்டுவிடுவார்கள். அந்தப் பிரதிபலிப்பு எவ்வளவு பளிச்சென்று தெரிந்தாலும் நிழல் பக்கத்தைச் சேர்ந்தது, வெளிச்சப் பக்கத்தைவிடக் கறுப்பாகவே இருக்க வேண்டும். கண்ணைப் பாதி மூடிப் பார்த்தால் குழப்பம் தீரும். எவர்சில்வர் டம்ளரைக் கொஞ்ச நாள் கழித்துத் தொடுங்கள். அதில் டம்ளரைத் தவிர அறையில் இருக்கும் எல்லாம் தெரியும்.

முகத்துக்கு வரும்போது இந்தப் பாடம் அப்படியே உதவும். நெற்றி ஒரு பானை, கண்ணிமை ஒரு சின்ன நீள்வட்டம், தாடைக்கடி நிழலில் சட்டையின் வெளிச்சம்.

பென்சிலை நீட்டி ஒற்றைக் கண்ணால் அளக்கிறார்களே, அது எப்படி?

முழங்கை மடங்காமல் கையை முழுதாக நீட்டுங்கள். ஒரு கண்ணை மூடுங்கள். பென்சில் நுனியைத் தலை உச்சிக்கும், கட்டைவிரலைத் தாடைக்கும் வையுங்கள். அந்த நீளம்தான் உங்கள் அலகு. அதைக் கீழே இறக்கிக்கொண்டே போனால் நிற்கும் ஆளில் ஏழு, ஏழரை தலை வரும். கை மடங்கினால் அலகு மாறிவிடும். புதிதாக வருகிறவர்கள் கடைசி இரண்டு தலைக்குக் கையைத் தெரியாமலே மடக்கிவிடுகிறார்கள், படத்தில் கால் குட்டையாகிவிடுகிறது.

உயரம் அளந்தால் மட்டும் போதாது, தூக்கும் பார்க்க வேண்டும். கொத்தனார் கையில் இருக்கும் தூக்குக்குண்டு இங்கேயும் உதவும். நூலில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிட்டு, நிற்கிறவரின் கழுத்துக்குழிக்கு நேரே பிடியுங்கள். ஒரே காலில் எடையைப் போட்டு நிற்கிறவரானால் நூல் அந்தக் காலின் கணுக்கால் பக்கம் இறங்கும். உங்கள் படத்தில் அது இரண்டு காலுக்கும் நடுவில் இறங்கினால், அந்த ஆள் விழப் போகிறார் என்று அர்த்தம்.

ஸ்தபதிகள் சொல்லும் தாள அளவும் இதுவும் ஒன்றா?

அடிப்படை யோசனை ஒன்று, நோக்கம் வேறு. சிற்ப சாஸ்திரத்தில் முக நீளம் ஒரு தாளம். பெரிய தெய்வங்களுக்கு உத்தம தச தாளம் என்ற பத்துத் தாளக் கணக்கு, மொத்த உயரம் 124 பங்கு. எந்த ஸ்தபதி செய்தாலும் அந்தத் தெய்வத்துக்கு அதே கணக்கு. நாம் அளப்பது எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருவரை, அந்த நேரத்தில் அவர் உட்கார்ந்திருக்கும் விதத்தை. அவருக்கு ஆறரை தலைதான் வருகிறது என்றால் ஆறரைதான் போட வேண்டும். மாமல்லபுரத்தில் சிற்பம் படித்துவிட்டு வருகிறவர்களுக்குக் கை அருமையாக இருக்கும்; ஆளைப் பார்க்காமல் அழகான ஆளாக்கிவிடும் பழக்கத்தை விடத்தான் கொஞ்ச நாள் ஆகும்.

விரலால் தேய்த்து ஷேடிங் செய்யலாமா?

கொஞ்ச காலத்துக்கு வேண்டாம். தேய்த்தால் உடனே வழவழப்பு வந்து, வேலை முடிந்த மாதிரி தோன்றிவிடும். எந்தத் தளம் எங்கே திரும்புகிறது என்று யோசிக்காமலே முகம் பலூனாகிவிடும். விரலில் இருக்கும் எண்ணெய் தாளில் ஏறினால் பிறகு அழிக்கவும் முடியாது. கோடுகளை அடுக்கி டோன் ஏற்றுங்கள். கரி என்றால் தேய்ப்பது அந்தப் பொருளின் இயல்பிலேயே உண்டு. அங்கேயும் பெரிய நிழலுக்குத் துணி, வெளிச்சத்தை எடுக்க நீடட் எரேசர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஹாஸ்டல் அறையில் வெளிச்சம் சரியில்லை. வடக்கு ஜன்னல் வேண்டும் என்கிறார்களே?

அந்த அறிவுரை ஐரோப்பாவிலிருந்து வந்தது. அங்கே நடுப்பகல் சூரியன் வருடம் முழுக்கத் தெற்கிலேயே இருக்கும், வடக்கு ஜன்னலில் வானத்து வெளிச்சம் மட்டும் சீராக வரும். சென்னை பூமத்திய ரேகைக்கு 13 பாகை வடக்கில்தான் இருக்கிறது. ஏப்ரல் கடைசி தொடங்கி ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சிவேளைச் சூரியன் நம் தலைக்குச் சற்று வடக்கே நிற்கும். அந்த மாதங்களில் காலையிலும் மாலையிலும் வெயில் வடக்கு ஜன்னல் வழியாகவே உள்ளே நுழையும். ஆகையால் வடக்கு ஜன்னல் தேடி வாடகை அதிகம் கொடுக்காதீர்கள். ஜன்னலுக்குக் கனமான துணி போட்டுவிட்டு, ஒரு டேபிள் லேம்ப் வாங்கி, பொருளுக்கு மேலே ஒரு பக்கமாகச் சாய்த்து வையுங்கள். தலைக்கு மேலே எரியும் டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள். இரண்டு வெளிச்சம் இரண்டு நிழல் தரும், தொடக்கத்தில் ஒன்றே தாராளம்.

அளவெல்லாம் சரி, ஆனால் சாயல் வரவில்லை. ஏன்?

பெரும்பாலும் கண்ணிலிருந்து தொடங்கியிருப்பீர்கள். கண்ணிமை முடி வரை போட்டு முடித்து, பிறகு அந்தக் கண்ணைச் சுற்றி முகத்தைக் கட்டினால் சாயல் எப்படி வரும்? தெருக்கோடியில் ஒருவர் நடந்து வரும்போதே இன்னார் என்று தெரிகிறதே, அப்போது கண்ணா தெரிகிறது? மண்டையின் மொத்த வடிவம், கழுத்து தோளில் உட்காரும் விதம், நெற்றிக்கும் தாடைக்கும் உள்ள பங்கு இவைதான் தெரியும். முதல் கால் மணி நேரம் அதை மட்டும் பாருங்கள். கண் தலையின் பாதி உயரத்தில் வரும். நெற்றியைக் குறைத்துக் கண்ணை மேலே ஏற்றிவிடுவது எல்லோருக்கும் உள்ள பழக்கம். சின்னக் குழந்தைக்கு அது பாதிக்கும் கீழே இருக்கும். கண்ணின் வெள்ளை வெள்ளை இல்லை. மேலிமையின் நிழல் அதன்மேல் விழுந்திருக்கும். படத்தை அவ்வப்போது கண்ணாடியில் காட்டிப் பாருங்கள், கோணல் அப்படியே கத்தும்.

நிறம் பற்றியும் சொல்ல வேண்டும். பாடப் புத்தகங்களில் இருப்பது வெள்ளைக்காரர் முகம். அங்கே தாளின் வெண்மையையே தோலாக விட்டுவிடலாம். அதே பழக்கத்தில் நம் ஊர் முகத்தையும் வெளுக்கவைத்து, முடியை மட்டும் கறுப்பாக்கிவிடுகிறார்கள். கறுத்த தோலில் வெளிச்சப் பகுதியே நடுத்தர டோனில் தொடங்கும். நெற்றி, மூக்குத்தண்டு, கன்ன எலும்பு மேல் விழும் மினுக்கம் சின்னதாக, விளிம்பு தெளிவாக இருக்கும். பழுப்புத் தாளில் கரியும் வெள்ளைச் சாக்கும் வைத்து வரைந்தால் இது சுலபமாகப் பிடிபடும். 2021இல் கொரோனாவில் நாம் இழந்த ஓவியர் இளையராஜா வரைந்த பெண்களைப் பாருங்கள். கும்பகோணத்திலும் பிறகு சென்னையிலும் படித்தவர். ஜன்னலோரத்தில் நிற்கும் அந்தக் கறுத்த முகங்களில் எந்த இடத்தையும் வெளுக்காமல் வெளிச்சத்தைக் கொண்டுவந்திருப்பார்.

மாடல் வைத்து வரையும்போது எப்படி நடந்துகொள்ள வேண்டும்?

மாடலாக உட்காருகிறவர் செய்வது கடினமான வேலை. இருபது நிமிடம் அசையாமல் உட்கார்ந்து பாருங்கள், தெரியும். எங்கள் பக்கத்து வகுப்புகளில் பெரும்பாலும் வயதான ஐயாவோ அம்மாவோ உடுத்திய உடையோடு உட்காருவார்கள். ஐயா, அம்மா என்றே கூப்பிடுங்கள். தலையைத் திருப்ப வேண்டுமானால் வாயால் சொல்லுங்கள், தொடக் கூடாது. அவரைக் கேட்காமல் போட்டோ எடுக்கக் கூடாது. இடைவேளைக்கு எழுந்திருக்கும் முன் கால் வைத்த இடத்தைச் சாக்பீஸால் குறித்துவிட்டால், திரும்ப உட்காரும்போது யாரும் யாரையும் திட்ட வேண்டியதில்லை.

ஊரில் பழகிய இடங்களை வரைவேன். இங்கே அவுட்டோருக்கு எங்கே போவது?

சென்ட்ரல் ஸ்டேஷன். தலைமுறை தலைமுறையாகக் கல்லூரிப் பிள்ளைகள் போகும் இடம். வண்டிக்குக் காத்திருப்பவர்கள் மூட்டையில் சாய்ந்து தூங்குவார்கள், அதைவிடப் பொறுமையான மாடல் கிடைக்காது. ஒருவர் புரண்டு படுத்தால் அந்தப் படத்தை விட்டுவிட்டு அடுத்தவருக்குப் போங்கள். பிளாட்பாரம் டிக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள், போலீஸ்காரர் கேட்டால் நோட்டைத் திறந்து காட்டுங்கள். பலர் "என்னையும் ஒண்ணு போடு தம்பி" என்பார்கள்.

எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை போகாதீர்கள், விடுமுறை. மற்ற நாட்களில் வெண்கலக் கூடம் போதும். நடராஜரைச் சுற்றி நடந்து, ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் ஐந்து நிமிடப் படம் போட்டால் எடை எங்கே இறங்குகிறது என்று கைக்குப் புரியும்.

பெண் பிள்ளையைத் தனியாக அனுப்பலாமா? செலவு எப்படி?

இது பெற்றோர் கேட்பது. மாலை வகுப்பு முடிந்து ஹாஸ்டல் மூடும் நேரத்துக்குள் போய்ச் சேர முடியுமா என்பதை முதலில் பாருங்கள்; வகுப்பைத் தேர்ந்தெடுத்துவிட்டு ஹாஸ்டல் தேடினால் இடிக்கும். மின்சார ரயில் அல்லது மெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்தில் தங்குவது நல்லது. செலவில் பெரும்பங்கு சாப்பாடும் வாடகையும்தான். பென்சிலும் கரியும் மலிவு. எண்ணெய் வண்ணத்துக்குப் போகும்போதுதான் பர்ஸ் அழும். அதனால் முதல் ஆறு மாதம் வண்ணத்தைத் தொடாமல் இருப்பது கல்விக்கும் நல்லது, காசுக்கும் நல்லது.

இதை வைத்துப் பிழைக்க முடியுமா? அப்பா கேட்கிறார்.

தத்ரூபமாக வரையத் தெரிவது மட்டும் சம்பளம் தராது. அதை வைத்துக்கொண்டு போக வழிகள் இருக்கின்றன: சினிமாவுக்கு ஸ்டோரிபோர்டு, கேம், அனிமேஷன் கம்பெனிகள், புத்தக ஓவியம், பள்ளியில் ஓவிய ஆசிரியர் வேலை, ஆர்டருக்கு உருவப்படம். இதில் உருவப்பட ஆர்டர்தான் முதலில் வரும், நிலையில்லாததும் அதுதான். கல்யாணம், அறுபதாம் கல்யாணம், இறந்துபோன தாத்தா படம் என்று வரும். பழைய மங்கிய பாஸ்போர்ட் போட்டோ ஒன்றைத் தந்து முழு உருவம் கேட்பார்கள். நேரில் பார்த்து வரைந்து பழகிய கைக்குத்தான் அந்த போட்டோவில் இல்லாததை இட்டுநிரப்பத் தெரியும். பள்ளி ஆசிரியர் வேலை என்றால் அதற்கான தகுதிப் படிப்பு என்ன என்பதை முன்பே விசாரித்துவிடுங்கள், திறமை மட்டும் அங்கே செல்லாது.

நாமக்கல்லிலிருந்து சென்னை ஓவியப் பள்ளிக்கு வந்து படித்த ஓவியர் சில்பி, கோயில் கோயிலாகப் போய் உட்கார்ந்து சிலைகளை வரைந்தே பத்திரிகையில் பெயர் பெற்றார். அப்பாவிடம் அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள். அவர் தலைமுறை விகடன் வாசகராக இருந்தால் கொஞ்சம் இறங்கிவருவார்.

ஆசிரியர் என் படத்தின் மேலேயே திருத்துகிறார். பிடிக்கவில்லை.

சொல்லிவிடுங்கள். ஓரத்தில் போட்டுக் காட்டுங்கள் சார் என்றால் பெரும்பாலானவர்கள் ஒத்துக்கொள்வார்கள். ஆனால் அளவை முடித்த உடனேயே அவரைக் கூப்பிடுங்கள். ஷேடிங் எல்லாம் போட்டு மெருகேற்றிய பிறகு காது ஒரு அங்குலம் கீழே இருக்கிறது என்று அவர் சொன்னால் யாருக்குத்தான் அழிக்க மனம் வரும்?

வரைந்ததை எல்லாம் ஊருக்கு எப்படிக் கொண்டுபோவது?

கரிப் படத்தைச் சுருட்டாதீர்கள், தூள் உதிர்ந்து எதிர்ப்பக்கத்தில் ஒட்டும். ஃபிக்ஸேட்டிவ் என்ற, கரித் தூளைத் தாளோடு ஒட்டவைக்கும் ஸ்பிரேயை அடித்துக் காயவிட்டு (மொட்டைமாடியில் அடியுங்கள், ஹாஸ்டல் அறையில் அடித்தால் பக்கத்துக் கட்டில்காரருக்கு இருமல் வரும்), ஒவ்வொரு தாளுக்கும் நடுவில் பட்டர் பேப்பர் வைத்து, இரண்டு கெட்டி அட்டைக்கு நடுவே கட்டுங்கள். பென்சில் படங்கள் பி.வி.சி. குழாயில் சுருண்டு வரும். பஸ்ஸில் மேலே லக்கேஜ் வைக்கும் இடத்தில் படுக்கவைக்காமல், ஜன்னலோர இருக்கை பிடித்துக் காலுக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்துக்கொள்ளுங்கள். மேலே வைத்தால் விழுப்புரத்துக்குள் யாராவது அதன் மேல் ஒரு சூட்கேஸை வைத்திருப்பார்கள்.